எண்ணெய் பிடிக்கும் பேணி

அந்தக் காலத்தில் நான் சீனக்குடாவில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தேன். வேலை திருகோணமலை நகரத்தில். அரசாங்க மருத்துவிச்சி. கடற்கரைத் தெருக்களில் இருந்த வீடுகள் என்னுடைய பகுதி. பிள்ளைத்தாச்சிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும், கிளினிக்குக்கு வரப்பண்ண வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக மனமில்லாதவர்களுக்கு வீட்டிலேயே பிள்ளைப்பேறு பார்க்க வேண்டும். எனக்கு வயது நாற்பத்தொன்று. கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று பேச்சுக்கால் வந்தது, குழம்பிப்போனது, பிறகு வரவில்லை.

மற்ற மருத்துவிச்சிமார் நடந்தும் சைக்கிளிலும் போனார்கள். எனக்கு ஒரு கார் இருந்தது. துறைமுகத்தில் வேலை செய்த அண்ணன் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனபோது அந்த வாடகை வீட்டையும் காரையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். சின்னக் கறுப்புக் கார். என் கைக்கு வரும்போதே அதற்கு இருபது வயதிருக்கும். "விக்கிறதெண்டா வில். ஓடுறதெண்டா ஓடு" என்றார். நான் ஓடினேன். ஒரு பெண் தனியாகக் கார் ஓடுவதைப் பார்க்க முதல் மாதம் சனம் வாசல் படலைக்கு வந்து நின்றது. பிறகு அலுத்துவிட்டது.

என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித் துறைமுகக் குவாட்டர்ஸ் ஒன்றில் ஒரு புருஷனும் மனைவியும் குடிவந்தார்கள். மட்டக்களப்புப் பக்கத்தவர்கள். அவர் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. அவள் நகரத்தில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளர். என்னைவிட எட்டு வயது இளையவள். மெலிந்த ஆள், குடையைக் கூட நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு மாரிக்காலக் காலையில் பஸ் தரிப்பிடத்தில் நனைந்துகொண்டு நின்றவளைக் கண்டு காரை நிறுத்தினேன்.

"ஏறும்" என்றேன்.

"பரவாயில்லை அக்கா, பஸ் வரும்."

"வரும். நிரம்பி வந்து நிக்காமல் போகும். ஏறும்."

ஏறினாள். அடுத்த நாளும் ஏறினாள். அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏழரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவேன். சந்தியில் நிற்பாள். பின்னேரம் அவளுடைய கந்தோர் வாசலில் போய் நிற்பேன். இப்படி இரண்டு வருடம்.

ஆறேழு மைற்கட்டைத் தூரம். றோட்டு ஓரிடத்தில் துறைமுகத் தண்ணீரை ஒட்டி வளைந்து போகும். கப்பல் நிற்கிற நாளில் அதைப் பார்ப்போம். மற்ற நேரம் கதைப்போம். கதைப்போம் என்று சொல்வது சரியில்லை. கதைத்தது நான். என் வீட்டில் கதைக்க ஆளில்லை. வேலையில் கதைப்பதெல்லாம் "மூச்சை விடுங்கோ", "இப்ப முக்குங்கோ", "வெந்நீர் எடுத்து வாங்கோ" என்பதுதான். ஆகவே அந்த அரை மணித்தியாலத்தில் அன்றன்றைய வேலையை எல்லாம் அவளுக்குச் சொல்லுவேன். எந்தத் தெருவில் என்ன பிள்ளை, எத்தனை இறாத்தல், கொடி சுற்றியதா, தாய் அழுதாளா சிரித்தாளா, பிள்ளை எவ்வளவு நேரம் கழித்துக் கத்தியது. எனக்கு நன்றாகச் சொல்ல வரும் என்று ஒரு நினைப்பு. அவள் "ஓம்" என்பாள், "அப்படியோ" என்பாள். முகத்தை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டுதான் கேட்பாள். அது அவளுடைய பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணம் கட்டி ஏழு வருடம். அதைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதே மரியாதை என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் காருக்கு வயது தெரியத் தொடங்கியது. பின்னால் கறுப்புப் புகை. சைக்கிளில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். நகரத்துக் கராஜுக்குக் கொண்டு போனேன். கராஜ்காரர் பொனற்றைத் திறந்து பார்த்து விளக்கம் சொன்னார். என்ஜினின் அடியில் எண்ணெய்ப் புகை சேரும். அது வெளியேற ஒரு மூச்சுக் குழாய் இருக்கிறது. அந்தக் குழாயிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் போய்க் காற்று வடிகட்டியில் முடிகிறது. அதனால் புகையை என்ஜினே திரும்ப இழுத்து எரித்துவிடும். ஆனால் இந்த என்ஜின் தேய்ந்துவிட்டது. இப்போது புகையோடு எண்ணெயும் போய் வடிகட்டியை ஊறவைக்கிறது.

"பிஸ்டன் ரிங் மாத்தோணும்" என்றார்.

"மாத்துங்கோ."

"எங்கை இருக்கு ரிங்? பாணுக்கே வரிசையில நிக்கிறம். வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் வாறேல்லை."

அவர் அந்த ரப்பர்க் குழாயைக் கழற்றி எறிந்தார். வடிகட்டியில் இருந்த ஓட்டையை அடைத்தார். மூச்சுக் குழாயின் வாயைக் காருக்கு அடியில் தொங்கவிட்டார். கறுப்புப் புகை நின்றது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வரும்போதுதான் தெரிந்தது, அந்தப் புகை முழுவதும் இப்போது காரின் அடியிலிருந்து மேலே வருகிறது என்று. கால் வைக்கிற இடத்தில், கியர்க் கம்பி வருகிற இடத்தில், எல்லாம் ஓட்டை. எரிந்த எண்ணெயின் மணம் சீலையில் ஏறியது, தலைமயிரில் ஏறியது. நான் போகிற வீடுகளில் பிள்ளைத்தாச்சிகள் முகத்தைத் திருப்பினார்கள்.

அவள் லேஞ்சியை மூக்கில் வைக்கத் தொடங்கினாள். யன்னலை முழுக்க இறக்கிவிடுவாள். பத்துப் பதினைந்து நாள் அப்படிப் போனது. ஒரு பின்னேரம் சந்தியில் இறங்குவதற்கு முதல் சொன்னாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. இந்த எண்ணெய் மணம் எனக்கு ஏலாமக் கிடக்கு. தலை சுத்துது, சத்தி வாற மாதிரி இருக்கு. கொஞ்ச நாளைக்கு நான் பஸ்ஸில போறன்."

தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது. இருபது வருடம் இந்த வேலை செய்கிறவளுக்கு அதைக் கேட்டதும் வேறு என்ன தோன்றும்? எனக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன, விசேஷமோ?" என்று கேட்டேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "இல்லை அக்கா" என்றாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு காலையில் நான் போகும்போது அவள் பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். நான் கையைத் தூக்குவேன். அவளும் தூக்குவாள். சில நாட்களில் பஸ் என்னை முந்திக்கொண்டு போகும்போது, நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவளுடைய கை மட்டும் தெரியும். அதில் கட்டியிருக்கிற மணிக்கூட்டை எனக்குத் தெரியும். பக்கத்து இருக்கையில் என் வேலைப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். வளைவில் திரும்பும்போது அது சரிந்து விழும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடுவேன்.

ஒரு மனிசிக்குத் தன் தனிமை எவ்வளவு என்று தெரியாமலே நிறையக் காலம் ஓட்டிவிடலாம். எனக்கு அது அந்த மாதத்தில்தான் தெரிந்தது. பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இதைப் பின்னேரம் இப்படிச் சொல்லவேண்டும் என்று மனம் அடுக்கிக்கொண்டு போகும். பிறகு நினைவு வரும், சொல்ல ஆளில்லை என்று. வீட்டுக்கு வந்து குசினியில் ஒரு சுண்டு அரிசி போடுவேன். அதில் பாதி மிஞ்சும். றேடியோவில் யாராவது கதைத்துக்கொண்டிருப்பார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று காதில் விழாது. ஒரு நாள் காரில் தனியாக வாய்விட்டுக் கதைத்துக்கொண்டு வந்ததைப் புல் ஏற்றிய வண்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். அன்றுதான் இந்த மணத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்று நினைத்தேன். மணம்தானே அவளைத் துரத்தியது. மணம் போனால் அவள் வருவாள்.

அண்ணன் விட்டுப்போன அலுமாரியில் காரின் புத்தகம் இருந்தது. இங்கிலிஷ் பாதி விளங்கியது, படங்கள் முழுக்க விளங்கின. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொனற்றைத் திறந்து என்ஜினை ஓடவிட்டு, அந்த மூச்சுக் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடான மூச்சு விட்டுவிட்டு அடித்தது. கையை எடுத்துப் பார்த்தால் மெல்லிய எண்ணெய்த் துளிகள், பனி படிந்த மாதிரி. புகையை வடிகட்டிக்குத் திரும்ப அனுப்பலாம், பிழை புகையில் இல்லை, அதோடு போகிற இந்த எண்ணெயில்தான் என்று அப்போது விளங்கியது. வழியில் எண்ணெயைப் பிடித்துவைக்க ஒரு தகரப் பேணி இருந்தால் போதும்.

சந்தைக்குப் பக்கத்தில் கிண்ணியா முஸ்லிம் ஒருவர் தகர வேலை செய்தார். அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவேன். லாம்பு, புனல், தண்ணீர் வாளி. அவருடைய மூன்று பிள்ளைகளும் என் கையில் பிறந்தவர்கள்.

"வாங்க மிஸி. புனலா, லாம்பா?"

"ரெண்டும் இல்லை நானா. மூடின பேணி ஒண்டு. ரெண்டு குழாய் வேணும்."

"உள்ள என்ன ஊத்துவீங்க?"

"ஒண்டும் ஊத்துறேல்லை. ஒரு குழாயால புகை வரும். அந்தப் புகையில எண்ணெய் இருக்கும். எண்ணெய் பேணிக்குள்ள நிக்கோணும். புகை மட்டும் மற்றக் குழாயால போகோணும்."

அவர் ஈயம் ஒட்டுகிற கம்பியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். காரின் என்ஜினை அவர் வாழ்க்கையில் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை என்றார். காரைக் காட்டினேன். குழாயின் வாயில் அவரும் கையை வைத்துப் பார்த்தார்.

"வேகமா வருது மிஸி. இந்த வேகத்துல போனா எண்ணெயையும் இழுத்துட்டுப் போயிரும். சோத்துப் பானையப் பாருங்க. ஆவி சும்மா போனா ஆவிதான். மூடியில பட்டாத்தான் தண்ணியாகுது. இதையும் எங்கயாவது பட வைக்கோணும்."

"எப்படிப் பட வைக்கிறது?"

"வாற குழாய அடி வரைக்கும் விடுவம். போற குழாய மேல வைப்பம். நடுவுல ஓட்டை போட்ட தகடு ஒண்டு. தட்டித் தடவித்தான் மேல வரும்."

இரண்டு நாளில் செய்து வைத்திருந்தார். கடையில் விற்கிற பெரிய ரின்பால் பேணியைவிடச் சற்று உயரம். மேலே ஒரு பழைய லாம்பின் பித்தளைக் கழுத்தை ஒட்டித் திருகு மூடி போட்டிருந்தார். எண்ணெய் சேர்ந்தால் மூடியைத் திறந்து கவிழ்த்து ஊற்றலாம். காரில் இறுக்க இரண்டு காதும் வைத்திருந்தார்.

"ஒண்டு சொல்றன் மிஸி. சூடான இடத்துல மாட்டாதீங்க. ஈயம் உருகிரும்."

அடுத்த ஞாயிறு வேலையைத் தொடங்கினேன். என்ஜினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரில், சூட்டுக் குழாய் போகாத பக்கமாக இடம் பார்த்தேன். அங்கே முன்பு எதையோ பூட்டிக் கழற்றிய இரண்டு ஓட்டைகள் இருந்தன. பேணியின் காதுகளைக் கொஞ்சம் வளைத்தால் பொருந்தியது. திருகாணி முடுக்க முடுக்க விரல் மூட்டெல்லாம் உரசித் தோல் போனது. துறைமுகத்தில் கழித்து ஏலம் விட்ட ரப்பர்க் குழாய் சந்தையில் கிடைத்தது, தடித்தது. அதை வெந்நீரில் போட்டு இளக்கி, மூச்சுக் குழாயிலிருந்து பேணிக்கு ஒரு துண்டும், பேணியிலிருந்து காற்று வடிகட்டிக்கு ஒரு துண்டும் மாட்டிக் கம்பியால் கட்டினேன். கம்பி முறுக்குவது சுலபமாக இருந்தது. தொப்புள்கொடி கட்டிப் பழகிய கை.

அங்கேயே நின்றிருந்தால் சரி. ஆனால் எனக்கு ஒரு கூடுதல் யோசனை வந்தது. நடுத்தகடு மட்டும் போதுமா? பேணிக்குள் தேங்காய் நாரை, தென்னந்தும்பை அடைத்தால் எண்ணெய் இன்னும் நன்றாகப் பிடிபடுமே. தகட்டுக்கு மேல் விரலால் குத்திக் குத்தித் தும்பை அடைத்தேன். மூடியைப் பூட்டிக்கொண்டு ஓடிப்பார்க்கப் புறப்பட்டேன்.

நாலு கட்டை மட்டும் நன்றாக ஓடியது. மணமே இல்லை. துறைமுகத்தை ஒட்டி வளைகிற இடத்தில் பொனற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம், போத்தல் மூடி பறக்கிற மாதிரி. உடனே வெள்ளைப் புகை. காரை ஓரம் கட்டி இறங்கி, பொனற்றைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றேன். எண்ணெய் மட்டம் பார்க்கிற கம்பி தன் குழாயிலிருந்து எகிறி வெளியே கிடந்தது. அந்த வழியால் எண்ணெய் தெறித்துச் சூட்டுக் குழாயில் விழுந்து பொரிந்துகொண்டிருந்தது. நான் அடைத்த தும்பு எண்ணெயில் ஊறி இறுகி மூச்சை முழுக்க மறித்துவிட்டது. மூச்சு வேறு வழி பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் றோட்டில் ஒருவரும் இல்லை. தண்ணீரில் ஒரு துருப்பிடித்த மிதவை ஆடிக்கொண்டு கிடந்தது. சீலையெல்லாம் எண்ணெய். என்ஜின் சூடு ஆறும் வரைக்கும் ஒரு கல்லில் குந்திக்கொண்டிருந்தேன். அழவில்லை. ஆனால், யாராவது வந்து "என்ன நடந்தது?" என்று கேட்டால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

வந்தது அவளுடைய புருஷன். வேலை முடிந்து நகரத்துக்கு ஏதோ அலுவலாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர். இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா இது, புதுசா ஒரு பேணி?"

சொன்னேன். புகை, எண்ணெய், தகரக்காரர், தும்பு, எல்லாவற்றையும். கடைசியாக, "உங்கட வீட்டுக்காரி மணம் ஏலாதெண்டு சொன்னவ தம்பி. அதுதான் செய்யிறன். மணம் நிண்டால் பழையபடி வருவா" என்றேன்.

அவர் மூடியைத் திருகித் தும்பை விரலால் இழுத்து இழுத்து வெளியே போட்டார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா, அவவுக்காக நீங்கள் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை."

"இதில என்ன பாடு" என்றேன். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எகிறிய கம்பியைத் துடைத்து அதன் குழாயில் சொருகிவிட்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ" என்றார்.

தகரக்காரரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "மூச்சுப் போக இடம் வைக்கோணும் மிஸி" என்றார். யன்னலுக்கு அடிக்கிற நுளம்புக் கம்பிவலையில் மிஞ்சின துண்டு ஒன்றைத் தேடி எடுத்துத் தளர்வாகச் சுருட்டிப் பேணிக்குள் வைத்தார். மறுபக்கத்தில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். என்னையும் ஊதச் சொன்னார். காற்றுத் தடையில்லாமல் போனது.

ஒரு கிழமை, ஏழு நாளும், ஓடினேன். மணம் இல்லை, பின்னால் புகையும் இல்லை. கிழமை முடிவில் மூடியைத் திறந்து ஒரு பழைய கிளாசில் கவிழ்த்தேன். இரண்டு மேசைக்கரண்டி அளவு வந்தது. தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து பால்தேத்தண்ணி நிறம். இதுதான் இத்தனை நாளும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது என்று அந்தக் கிளாசைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தது நினைவிருக்கிறது. சரியான மடத்தனம்.

அன்று பின்னேரமே அவளுடைய வீட்டுப் படலையைத் தட்டினேன்.

"கார் இப்ப மணக்கிறேல்லை. நாளைக்கு வந்து பாரும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு, "சரி அக்கா, வாறன்" என்றாள்.

காலையில் சந்தியில் நின்றாள். பொனற்றைத் திறந்து பேணியைக் காட்டினேன். எது எங்கே போகிறது என்று விரல் வைத்துச் சொன்னேன். குனிந்து கவனமாகப் பார்த்தாள். ஏறினாள். என் பெட்டி பின் இருக்கைக்குப் போனது.

"மணக்குதோ?"

"இல்லை அக்கா."

எனக்கு அன்று தலைகால் தெரியவில்லை. இரண்டு மாதத்துக் கதை நெஞ்சுக்குள் சேர்ந்து கிடந்தது. முந்தின நாள்தான் கரையோரத்தில் ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்திருந்தது. அதையே தொடங்கினேன். முதல் பிள்ளை வந்ததும் எல்லாரும் முடிந்தது என்று எழும்பியது, நான் வயிற்றில் கை வைத்துப் பார்த்து இன்னொன்று இருக்கிறது என்று சொன்னது, இரண்டாவது பிள்ளை நீலமாக வந்தது, தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தட்டி, அது கடைசியில் கத்தியது. வளைவு வந்தது, போனது. அவள் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கந்தோர் வாசலில் இறங்கும்போது, "பேணி நல்லாச் செய்திருக்கிறீங்கள்" என்றாள்.

அடுத்த நாள் அவள் பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். அதற்கு அடுத்த நாளும்.

கை தூக்காமல் போனேன். எனக்குக் கோபம். உண்மையில் அது கோபம்கூட இல்லை, நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்பது.

சனிக்கிழமை முற்பகல் அவளாகவே என் வீட்டுக்கு வந்தாள். விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டேன். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, மணம் எண்டு நான் சொன்னது ஒரு சாட்டு. மணம் இருந்ததுதான். ஆனா நான் பஸ்ஸில போனது அதால இல்லை."

கோப்பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"எனக்கு ரெண்டு தரம் வயித்தில தங்கினது. மட்டக்களப்பில இருக்கேக்கை. முதல் தரம் மூண்டு மாதத்தில கலைஞ்சுபோட்டுது. ரெண்டாம் தரம் எட்டாம் மாதம். பிள்ளை கத்தேல்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும், பிள்ளை எப்பிடிக் கத்தினது, எப்பிடிக் கத்தினது எண்டு..." நிறுத்தினாள். "கந்தோருக்குப் போய் அரை மணித்தியாலத்துக்கு எனக்கு ரைப் அடிக்க ஏலாது. விரல் விறைச்சுப்போகும்."

"இரண்டு வருஷம்" என்றேன். "இரண்டு வருஷமாய் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்குக் கதைக்க வேறை ஆர் இருக்கினம்?"

 அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். இரண்டு வருடம் தினமும் அரை மணித்தியாலம் எனக்காகச் சகித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அதைச் சினேகிதம் என்று நினைத்திருக்கிறேன். அதுவும் சினேகிதம்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அன்று அப்படித் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. "என்ன, விசேஷமோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டது நினைவு வந்து காது சுட்டது.

போகும்போது படலை வரைக்கும் கூடப் போனேன். "திங்கட்கிழமை வாரும். நான் அந்தக் கதை எடுக்கமாட்டன்" என்றேன்.

வந்தாள். முதல் சில நாட்கள் இரண்டு பேரும் பேசவில்லை. என் வேலையை எடுத்துவிட்டால் என்னிடம் கதைக்க ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நிற்கிற கப்பலைப் பற்றிச் சொன்னேன். பேணியில் இந்தக் கிழமை எவ்வளவு எண்ணெய் சேர்ந்தது என்று சொன்னேன். அதுவும் முடிந்தது. பிறகு சும்மா ஓடினேன். அப்படி இருக்கும்போதுதான் அவள் கதைக்கத் தொடங்கினாள். அவளுடைய தாய், தட்டெழுத்துச் சோதனையில் பெயிலானது, வாவியில் தோணி கவிழ்ந்தது. சின்னக் குரல். என்ஜின் சத்தத்தில் கேட்காது. காரை மெதுவாக ஓட்டினேன்.

ஒரு காலை, வளைவு தாண்டியதும், ஒரு முன்னறிவித்தலும் இல்லாமல் கேட்டாள்.

"அக்கா, அந்தப் பிள்ளையை எனக்குக் காட்டேல்லை. துணியில சுத்திக் கொண்டு போயிட்டினம். பார்க்காமல் இருக்கிறதுதான் நல்லதெண்டு சொன்னவை. நீங்களும் அப்பிடித்தான் செய்யிறனீங்களோ?"

"ஓம்" என்றேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. அப்படித்தான் எல்லாரும் செய்தோம். தாய் தலையைத் திருப்ப முதல் கொண்டு போய்விட வேண்டும். அதைக் கருணை என்றே நினைத்திருந்தேன்.

"பெடியனோ பெட்டையோ எண்டுகூட எனக்குத் தெரியாது" என்றாள். "ஒருத்தரும் சொல்லேல்லை. கேட்கப் பயமாய் இருந்தது."

காரை ஓரமாக நிறுத்தினேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் தன் லேஞ்சியை எனக்குத் தந்தாள். பிறகு கந்தோருக்கு நேரமாகிறது என்றாள்.

அந்த வருடக் கடைசியில் அவளுடைய புருஷனுக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. லொறியில் சாமான் ஏற்றும்போது போய் நின்றேன். முகவரி எழுதித் தந்தாள். இரண்டு கடிதம் வந்தது, இரண்டுக்கும் பதில் போட்டேன். பிறகு அவளும் எழுதவில்லை, நானும் விட்டுவிட்டேன். காலையிலும் பின்னேரமும் தனியாக ஓடினேன். இருக்கையில் யாரையும் ஏற்ற மனம் வரவில்லை.

ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கரையோரத்தில் ஒரு குடிசையில் ஒரு மீன்பிடிக்காரரின் மனைவிக்குப் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. மாமிக்காரி துணியை விரித்துக்கொண்டு தயாராக நின்றாள். நான் பிள்ளையைக் கழுவித் துடைத்துச் சுற்றி எடுத்தேன். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"பெட்டைப்பிள்ளை" என்று அந்தத் தாயிடம் சொன்னேன். "பார்க்கப்போறியளோ?"

மாமிக்காரி என்னை ஏசினாள். அந்தப் பெண் கையை நீட்டினாள். அரை மணித்தியாலம் வைத்திருந்தாள். மூக்கையும் விரல்களையும் தடவித் தடவிப் பார்த்தாள். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். பிறகு அவளாகவே திருப்பித் தந்தாள்.

அதற்குப் பிறகு வேலையில் இருந்த மட்டும், அப்படி நடந்தபோதெல்லாம் நான் கேட்டேன். சிலர் வேண்டாம் என்றார்கள். கூடுதலானவர்கள் கையை நீட்டினார்கள்.

அந்தக் குடிசையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, கொழும்புக்குப் போனவளுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினேன். குடிசை, மாமிக்காரி, பிள்ளையின் விரல்கள், எல்லாவற்றையும் எழுதினேன். உம்மால்தான் இதைச் செய்தேன் என்று எழுதினேன். பழைய முகவரிக்குப் போட்டேன். பதில் வரவில்லை. வீடு மாறியிருக்கலாம், கடிதம் கிடைக்காமல் போயிருக்கலாம். அல்லது கிடைத்திருக்கலாம். அவளுக்குக் கேட்க ஏலாத கதையைத்தான் நான் இன்னொரு தரம் சொல்லிப்போட்டேனோ என்று இப்போதும் சில வேளை நினைப்பதுண்டு.